பட்டியலில் எட்டாவது பெயர்

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். மூன்று வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நான் பிறந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். ஆனாலும் அவள் பெயரை ரேடியோவில் கேட்டிருக்கிறேன். "மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வடமேற்கு நோக்கி நகர்ந்து வருகிறது" என்பார்கள். ஊருக்கு அது ஒரு புயல். எங்கள் வீட்டில் அது யாரும் வாயால் சொல்லக்கூடாத பெயர்.

அந்தப் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் அம்மா டைப் அடித்த ஒரு கடிதத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விடும். அது எந்தக் கடிதம் என்று சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இனி நான் என்ன உளறினாலும் திட்ட ஆள் இல்லை என்பது சுகமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா வானிலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் காற்றின் வேகம் பார்க்கும் கிண்ணங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். அம்மாவின் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கடலின் வரைபடம். புயல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு ஊசி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தகவல் வரும், ஊசி கொஞ்சம் நகரும். அதற்கு நேர் எதிரே அம்மாவின் மேசை. அவள் டைப்ரைட்டரில் ஒரு எழுத்து மட்டும் வரியில் நிற்காமல் ஒரு முடி அளவு மேலே ஏறி விழும். எத்தனை முறை பழுது பார்த்தும் அது திருந்தவில்லை. அக்காவின் பெயரில் அந்த எழுத்து இரண்டு தடவை வரும்.

புயலுக்கு எதற்குப் பெயர் என்று கேட்டால் அம்மா வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வாள். "முன்னாடியெல்லாம் எண்தான் வெச்சிருந்தாங்க. ஒரே வாரத்துல ரெண்டு புயல் கடல்ல நின்னுச்சு. ஒன்னுக்குக் குடுத்த எச்சரிக்கையை இன்னொன்னுக்குன்னு நினைச்சு படகுக்காரங்க கிளம்பிப் போயிட்டாங்க. எண்ணை மறந்துடுவாங்க. பேரை மறக்க மாட்டாங்க."

ஆறு வருடத்துக்கு ஆறு பட்டியல். ஒவ்வொன்றிலும் இருபத்தொரு பெயர். வருடத்தின் முதல் புயலுக்கு முதல் பெயர், இரண்டாவதுக்கு இரண்டாவது. ஆறு வருடம் முடிந்தால் பழைய பட்டியல் மறுபடி வரும். எங்கள் கடலைச் சுற்றி இருக்கிற நாடுகள் ஆளுக்கொரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தன. எங்கள் நாட்டுப் பட்டியலைத் தயாரிக்கிற வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. உடனே பொதுமக்களும் பெயர் அனுப்பலாம் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். கேட்க வேண்டுமா? வந்து குவிந்துவிட்டது. மேலதிகாரியின் பெயர், கடன் வாங்கிவிட்டு ஓடிப்போன நண்பன் பெயர், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் என்று ஊரின் மனக்குறை மொத்தமும் தபால் அட்டையில் வந்தது. ஒரு மருமகன் தன் மாமியார் பெயரை அனுப்பியிருந்தார். காரணம் என்ற இடத்தில், "வரும்போதும் சத்தம், போகும்போதும் சத்தம், போன பிறகுதான் சேதம் தெரியும்" என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் அம்மா ஒரே பதில் அடிப்பாள்: தங்கள் பரிந்துரை கிடைத்தது, பரிசீலிக்கப்படும். மற்றவர்கள் அதோடு ஓய்ந்தார்கள். மருமகன் ஓயவில்லை. வருடா வருடம் அட்டை போட்டார்.

அப்போது இருந்த பெரிய அதிகாரிக்கு அலுவலகத்தில் 'அவசரக்குடுக்கை' என்று பெயர். பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாள், தபால் பை கட்டுகிற நேரத்தில், எட்டாவது பெயர் ஒரு அமைச்சரின் மனைவி பெயர் என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவசரக்குடுக்கைக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. "ஏம்மா, அதை அடிச்சிட்டு வேற ஏதாவது ஒரு பேரைப் போடும்மா! சின்னதா, வாய்ல நுழையற மாதிரி! சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினார். அம்மா புதுத்தாளைச் செருகி மறுபடி முழுவதும் அடித்தாள். அவர் ஓடி வந்து படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடினார். அக்கா போய் அப்போது ஒரு வருடம்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பஸ் டிரைவர். அக்கா இருந்தவரை, வேலை முடிந்து வந்து வாசலில் குனிந்து ஷூ கழற்றும்போதே அவள் பெயரை ராகம் போட்டு இழுத்துக் கூப்பிடுவாராம். அவள் உள்ளே எங்கிருந்தாலும் ஓடிவந்து ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாளாம். அவள் போன பிறகும், பழக்க தோஷத்தில் அப்பா இரண்டு நாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாம் நாள் அம்மா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமே அந்தப் பேரை இந்த வீட்டுல சொல்லாதீங்க. என்னால முடியல." அப்பா அதற்கப்புறம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட அம்மாதான் அதைக் கொண்டுபோய்ப் பட்டியலில் அடித்தாள். நான் பெரியவளானதும் கேட்டேன், ஏம்மா என்று. "எட்டாவது காலியா இருந்துச்சு. கீழ தபால் பை கட்டிட்டிருந்தாங்க. விரல் வேற எதையும் அடிக்கல" என்றாள்.

அதை அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பட்டியலின் முறை வந்தது. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஒரு மத்தியானம் அப்பா பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பயணியின் மடியிலிருந்த ரேடியோவில் அக்காவின் பெயர் வந்தது. அப்பா பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். கண்டக்டர் ஓடிவந்து, "என்னண்ணே, நெஞ்சு வலியா?" என்று கேட்டாராம். "ஒன்னுமில்ல, இறங்கறவங்க யாராவது இருக்காங்களான்னு பார்த்தேன்" என்றாராம் அப்பா. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான்."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா ரேடியோவைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, சமையலறை அலமாரியில் அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். அந்தப் புயல் இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு, கரைக்கு நல்ல மழையைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது. அம்மா ஊசி நகர நகர அதையே பார்த்துக்கொண்டிருந்ததாக அலுவலகத்தில் சொல்வார்கள்.

எனக்கு ஆறு வயதாகும்போது மறுபடி அந்தப் பட்டியல் வந்தது. அந்த வருடம் மொத்தமே ஆறு புயல்தான். ஊரே மகிழ்ந்தது. மீன் மலிவு, கூரை பத்திரம். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா இன்னும் இரண்டு புயல் வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொன்னால் ஊர் உதைக்கும் என்பதால் சொல்லவில்லை. பருவம் முடிந்த அன்று ரேடியோவை அணைத்துவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அப்பா அன்று சமைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சாப்பாடு கருகியிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பன்னிரண்டு வயதில் எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததும் வந்தது பொறாமைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டாவது புயல் வந்தது. மூன்று நாள் எங்கள் வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே யாருக்கும் நினைவில்லை. ரேடியோ மணிக்கு ஒருமுறை அக்காவைக் கூப்பிட்டது. அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அசையாமல் நின்று கேட்டாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என்னைப் பார்த்து அது வந்ததில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். நான் கத்தினேன்: "ரேடியோக்காரன் சொல்றான், ஊரே சொல்லுது, நாம மட்டும் ஏன் சொல்லக்கூடாது? நெருப்புன்னா வாய் வெந்துடுமா?"

"வெந்துடும்" என்றாள் அம்மா. சத்தமில்லாமல் சொன்னாள். நான் அதற்கப்புறம் கேட்கவில்லை. அந்தப் புயலும் நடுக்கடலில் கரைந்துபோனது. "எங்கயும் யாரையும் தொந்தரவு பண்ணாம போயிட்டா" என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கியதைச் சொல்வது போல இருந்தது.

அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். ஒரு புயல் ரொம்பக் கெடுதல் செய்துவிட்டால், பாதிக்கப்பட்ட நாடு எழுதிக் கேட்டால், அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு எந்தப் புயலுக்கும், எந்தக் காலத்திலும் அது கிடையாது. அம்மா ஒவ்வொரு தடவையும் ஊசியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தது அதற்காகத்தான்.

என் பதினெட்டாம் வயதில் அது நடந்தது.

முதல் இரண்டு நாள் ஊசி கரையை விட்டு விலகித்தான் போனது. "அவ திரும்பிடுவா" என்றாள் அம்மா. திரும்பினாள், எங்கள் பக்கம். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, தெற்கே இருந்த மீன்பிடித் துறைமுகத்தில் ஏறினாள். படகுகள் தெருவுக்குள் வந்து கிடந்தன. ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை பிய்ந்து போனது. பதினேழு பேர். ரேடியோ அக்காவின் பெயரைச் சொல்லி, "பலி கொண்டது" என்று முடித்தது. மறுநாள் பேப்பரில் அந்தப் பெயருக்கு மேலே 'கொலைகாரி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்பாவின் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அப்பா அவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டு ஓட்டினார். அம்மா என் நினைவில் முதல் தடவையாக ரேடியோவைப் பாதி செய்தியில் அணைத்தாள்.

பத்து நாள் கழித்து அலுவலகத்தில் ஒரே ஜனக்கூட்டம். படகுக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கேட்க, இந்த இடத்தில் இந்த நாளில் இவ்வளவு வேகத்தில் காற்று அடித்தது என்று வானிலை அலுவலகத்தின் சான்றிதழ் வேண்டும். கல்லூரியில் தண்ணீர் புகுந்து எனக்கு விடுமுறை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவளை, ஆள் பற்றவில்லை என்று படிவம் நிரப்ப உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா பக்கத்து நாற்காலியில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

முப்பது வயதிருக்கும், ஒரு பெண் வந்தாள். காகிதங்களை ஒரு குழந்தையின் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்திருந்தாள். கணவன் படகைக் கட்டப் போனவன், திரும்பவில்லை. பெயர், தொழில், ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், அழவில்லை. ஏழாவது கட்டத்தில் புயலின் பெயர் எழுத வேண்டும். நான் பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்.

"இதுல புயலோட பேரை எழுதணும்க்கா."

"நீயே எழுதிக்கம்மா. என் கையால எழுத மாட்டேன். வாயாலயும் சொல்ல மாட்டேன்."

பேனாவை எடுத்தேன். எனக்கும் கை ஓடவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட எழுதியதில்லை. அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்தக் கட்டத்தில், கோணல் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அந்தப் பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஆறு வருஷம் கழிச்சு இதே பேரு மறுபடியும் வருமாமே. பஸ்ல பேசிக்கிட்டாங்க. நிஜமா?"

"பட்டியல்ல இருந்தா வரும்" என்றாள் அம்மா.

"என் சின்னவன் ரேடியோல அந்தப் பேரைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறான். அதை எடுக்க முடியாதா?"

அம்மா முத்திரையைக் குத்தினாள். தாளை மடித்து அவளிடம் கொடுத்தாள்.

"முடியும். நாங்க எழுதிக் கேட்டா எடுத்துடுவாங்க."

"அப்ப எழுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தாளைப் பள்ளிக்கூடப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? முத்திரை குத்துகிற ஒரு அம்மாவிடம் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவசரக்குடுக்கை ஓய்வு பெற்று, புது அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், தலைக்கு மேல் வேலை. மூன்று மணிக்கு அம்மாவின் மேசைக்கு வந்தார். "மேடம், இந்தப் பேரை எடுக்கச் சொல்லி எழுதணுமா வேண்டாமான்னு மேலிடத்துல கேக்கறாங்க. பழைய கோப்பெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. பதினேழு பேருக்கெல்லாம் எழுதற வழக்கம் இருக்கா? இல்லன்னா விட்டுடலாம்."

நான் படிவத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தேன். ஏனென்றால் வழக்கம் இல்லை என்று எனக்கே தெரியும். அதற்கு முன் எழுதிய ஒரே ஒரு தடவையில் நாற்பது பேருக்கு மேல். அம்மா பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 'இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும், அக்கா பட்டியலில் இருப்பாள். ஆறு வருடத்துக்கு ஒருமுறை ரேடியோ கூப்பிடும். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்பாள்.

"வழக்கம் இல்ல சார்" என்றாள் அம்மா. "ஆனா எழுதணும்."

"அப்ப அடிச்சுக் குடுத்துடுங்க. ஆமா, பதிலுக்கு ஒரு புதுப் பேரும் அனுப்பணுமே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "என் பேரை வேணா போடும்மா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். பாதி விளையாட்டாக.

"ஒருத்தியைக் கடலுக்குக் குடுத்தது போதும்" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு வயதில் போட்ட கணக்கு எல்லாம் தப்பு என்று எனக்கு அப்போது தெரிந்தது. என் காது சிவந்துவிட்டது.

அம்மா இழுப்பறையைத் திறந்து, அந்த மருமகனின் கடைசித் தபால் அட்டையை எடுத்தாள். இருபது வருடமாக விடாமல் அனுப்பியவர், அந்த வருடம் வேறு மாதிரி எழுதியிருந்தார்: "மாமியார் போன மாதம் காலமாகிவிட்டார். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, சகிக்கவில்லை. இப்போதாவது போடுங்கள்." அம்மா அந்தப் பெயரைப் போட்டாள். அந்த மாமியார் இன்றுவரை பட்டியலில் எட்டாவதாக இருக்கிறார். மூன்று தடவை வந்திருக்கிறார், ஒரு ஓலைகூடக் கிழிந்ததில்லை. மருமகன் வீணாகப் பழி சொல்லியிருக்கிறார்.

கடிதம் நாலே வரிதான். இரண்டு கார்பன் வைத்து அடித்தாள். அந்தப் பெயர் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது, பிறகு அடித்தது. இரண்டு எழுத்து வழக்கம்போல வரியை விட்டு மேலே ஏறி நின்றன. அதிகாரி படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். தபால் பை கீழே போகிறவரை அம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடி, "வா, போலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். ரேடியோவை அலமாரியிலிருந்து எடுத்து, பேட்டரியைக் கழற்றி, துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்தாள். நான் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்கு அப்பா வந்தார். வாசலில் உட்கார்ந்து குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அம்மா சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"என்னங்க, எழுதி அனுப்பிட்டேன். பேரை எடுத்துடுவாங்க. இனிமே அவளை யாரும் கூப்பிட மாட்டாங்க."

அப்பா ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார். இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"அப்ப நாமதான் கூப்பிடணும்" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபத்தொரு வருடம் கழித்து, அந்தப் பெயரைக் கூப்பிட்டார். இழுத்து, ராகத்தோடு, உள்ளே எங்கோ விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் கேட்கிற மாதிரி. குரல் நடுவில் உடைந்தது. ஆனாலும் முழுதாகக் கூப்பிட்டுவிட்டார். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்து கீழே பார்த்தேன். யாருடைய வாயும் வெந்துவிடவில்லை.

அம்மா மெல்ல நடந்து வந்து, வாசலில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள்.